திருவல்லிக்கேணியில் பழைய வீட்டு ஒயரிங்: எதில் தொடங்குவது?

தாழ்வாரம்:

அனைவருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் என் தாத்தா 1950களின் நடுவில் கட்டிய வீட்டில் இப்போது என் பெற்றோர் இருவர் மட்டும் வசிக்கிறார்கள். இருவருக்கும் வயது 75ஐத் தாண்டிவிட்டது. கீழ்த்தளத்தில் முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய அமைப்பு. தேக்கு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) மீது துணி சுற்றிய ரப்பர் ஒயரைக் கிளிப் அடித்து ஓட்டியிருக்கிறார்கள். மாடி 1970களில் எடுத்தது. அங்கே சுவருக்குள் பைப் போட்டு அலுமினிய ஒயர் இழுத்திருக்கிறார்கள். நடைக்கு மேலே மரப்பலகையில் மெயின் போர்டு, பீங்கான் ஃபியூஸ்கள், இரும்புப் பெட்டிக்குள் மெயின் ஸ்விட்ச். தளத்துக்கு ஒன்றாக இரண்டு மீட்டர்கள்.

இரண்டு எலெக்ட்ரீஷியன்களை அழைத்துக் காட்டினேன். ஒருவர், ஃபியூஸ்களை எடுத்துவிட்டு எம்.சி.பி. (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக விழும் ஸ்விட்ச்) பெட்டி வைத்து, ஏ.சி.க்கு மட்டும் தனி லைன் இழுத்தால் போதும் என்கிறார். மற்றவர் வீடு முழுவதையும் உடைத்துப் புதிதாக ஒயரிங் செய்ய வேண்டும், அதற்குக் குறைந்த வேலை எதையும் தன்னால் செய்து தர இயலாது என்கிறார். கையில் இருக்கும் பணம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பெற்றோரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு வேலை பார்க்கும் வசதியும் இல்லை. ஆகவே எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். கூடுதலாக ஒரு தகவல்: சில வாரங்களாகக் கீழ்த்தளக் குளியலறைக் குழாயை ஈரக் கையோடு தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது என்று அம்மா சொல்கிறார்.

பச்சைஒயர்:

கடைசி வரியைத்தான் நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் ஐயா. மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம். குழாயில் மின்சாரம் தெரிகிறது என்றால் இன்றைக்கே கீசரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தக் குளியலறையை யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீசரை நீக்கிய பிறகும் சுர்ரென்றால் கசிவு வேறு எங்கோ இருக்கிறது. மோட்டாராக இருக்கலாம், சுவரில் ஈரம் ஏறிய ஒயராகவும் இருக்கலாம். இரண்டு மீட்டர் உள்ள வீடு என்பதால் ஒரு மெயினை மட்டும் அணைத்துவிட்டு, குழாய் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மாடி லைனில் இருந்து வரும் கசிவும் கீழ்க் குழாயில் தெரியும்.

நான் உரிமம் பெற்ற மேற்பார்வையாளராக நகரின் பழைய பகுதிகளில் வேலை செய்பவன். இப்படிப்பட்ட வீடுகளில் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். அக்காலத்தில் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவார்கள். குழாய் இரும்பு, அது நேராக மண்ணுக்குள் போகும், ஆகவே எர்த் ஓரளவுக்குக் கிடைத்துவந்தது. பின்னாளில் குழாய் துருப்பிடித்து, பிளம்பர் வந்து, மண்ணுக்குள் போகும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு பி.வி.சி. பைப் போட்டுக் கொடுத்துவிடுவார். அவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார். ஆனால் வீட்டின் எர்த் அன்றோடு போய்விட்டது. இதில் இன்னும் மோசமானது, சுவரில் மிச்சமிருக்கும் இரும்புக் குழாயில் வீட்டின் எல்லாக் கருவிகளின் எர்த் ஒயரும் இன்னமும் கட்டப்பட்டே இருக்கும் என்பதுதான். மாடியில் உள்ள கிரைண்டரில் கசிந்தால் கீழே குழாயைத் தொடுபவருக்கு அது வந்து சேரும். உங்கள் வீட்டில் அண்மையில் குழாய் வேலை ஏதும் நடந்ததா?

தாழ்வாரம்:

நன்றி ஐயா. கீசரை நீக்கிவிட்டோம், அம்மாவும் அப்பாவும் மாடிக் குளியலறையைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் கேட்டது சரிதான், சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குச் செல்லும் குழாயையும் குடிநீர் வாரியக் குழாய் உள்ளே வரும் பகுதியையும் மாற்றினோம். எர்த் பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

மாடிப்படி:

எதிர்க் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடும் ஏறக்குறைய இதே வயதுடையது. ஃபியூஸ்களை எடுத்துவிட்டு எம்.சி.பி. பெட்டி வைத்தோம், வேறு எதையும் தொடவில்லை. ஷார்ட் ஆனால் விழுகிறது, லோடு கூடினால் விழுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? யாரோ சொன்னார்கள் என்று ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் கருவி) ஒன்றும் வாங்கி மாட்டினோம். அது காரணமே இல்லாமல் நாள் முழுவதும் விழுந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். எலெக்ட்ரீஷியன் அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்த பிறகுதான் வீட்டில் நிம்மதியாக மின்விசிறி சுற்றுகிறது. பணம் குறைவாக இருப்பவரிடம் தேவையற்ற கருவிகளை வாங்கச் சொல்வது நியாயமில்லை.

பச்சைஒயர்:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை நண்பரே. அந்தக் கருவி விழுந்ததற்குக் காரணம் இல்லை என்பதை மட்டும் மறுக்கிறேன். அதற்கு முன் எம்.சி.பி. எதைக் காக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த ஊரில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் கம்பத்திலிருந்தோ பில்லர் பாக்ஸிலிருந்தோ (தெருவோர மின்பெட்டி) பேஸும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பும் ஒயர்) வருகின்றன. எர்த்தை நாமே மண்ணில் குழி தோண்டிப் போட்டுக்கொள்கிறோம். கீசரின் உடலில் பேஸ் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் எர்த் ஒயர் வழியாக நம் குழிக்குப் போய், மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். இந்தப் பாதையின் மொத்த மின்தடை 20 ஓம் என்றால், 230ஐ 20ஆல் வகுத்துக் கிடைக்கும் 11.5 ஆம்பியர் மட்டுமே பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கண்ணுக்கு அது வழக்கமான ஒரு லோடு. 2000 வாட் கீசர் ஒழுங்காக ஓடும்போதே 8.7 ஆம்பியர் எடுக்கிறது. ஆகவே அது விழாது. கீசரின் உடலும் அதோடு எர்த் ஒயரால் இணைந்த ஒவ்வொரு இரும்பும் ஆளைக் கொல்லும் அழுத்தத்தில் நின்றுகொண்டே இருக்கும். வீடுகளில் பரவலாகப் பயன்படும் சி வகை எம்.சி.பி. உடனடியாக விழுவதற்கு அதன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் வேண்டும். 16 ஆம்பியர் சி வகைக்கு அது 160 வரை போகும். அவ்வளவு பாய வேண்டுமானால் மொத்தப் பாதையும் 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். குழி எர்த்தை நம்பி இந்த எண்ணை எட்டுவது நடக்காத காரியம்.

எம்.சி.பி. காப்பது ஒயரை. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. அது பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 வினாடிக்குள், அதைப் போல் 5 மடங்கு குறைந்தால் 0.04 வினாடிக்குள் துண்டிக்கிறது. 30 மில்லி ஆம்பியருக்கு எர்த்தின் தரம் பெரிய பொருட்டே இல்லை. தொடும் அழுத்தத்தை 50 வோல்ட்டுக்குள் வைக்க, கணக்குப்படி எர்த் 1600 ஓம் இருந்தாலும் போதும். அதற்காகச் சோம்பேறித்தனமாக எர்த் போடலாம் என்று பொருளில்லை. பெசன்ட் நகர் மணலிலோ கோடையில் காய்ந்த முற்றத்திலோ எர்த் மோசமானாலும் இந்தக் கருவி உங்களைக் கைவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது, அதற்கு அவரும் ஒரு பல்புதான். லோடு கூடினாலும் அதற்குத் தெரியாது. ஆகவே எம்.சி.பி.யும் வேண்டும், இதுவும் வேண்டும்.

பில்லர்பாக்ஸ்:

மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். மாடிப்படி அவர்களின் வீட்டில் ஆர்.சி.சி.பி. விழுந்ததற்கு, பழைய வீடுகளில் நான் கண்டவரை, ஈரச் சுவரை விட நியூட்ரல்தான் காரணமாக இருந்திருக்கிறது. அந்நாளைய ஒயர்மேன்கள் பேஸுக்குத்தான் மரியாதை கொடுத்தார்கள்; நியூட்ரல் என்றால் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். மாடிப்படி விளக்குக்குக் கீழ்த்தளத்திலிருந்து பேஸ் எடுத்து, மேல்தளப் பெட்டியில் கிடைத்த நியூட்ரலில் முடித்திருப்பார்கள். ஃபியூஸ் காலத்தில் விளக்கு எரிந்தது, யாருக்கும் குறை தெரியவில்லை. ஆர்.சி.சி.பி. வைத்தவுடன் போன மின்சாரம் அதன் வழியாகத் திரும்பாததால் அது விழத்தான் செய்யும். அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இதே தொல்லை இன்னொரு வடிவில் வரும்: இன்வெர்ட்டருக்குச் செல்லும் லைனுக்குப் பேஸை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டிருப்பார்கள்.

தாழ்வாரம் அவர்களின் வீட்டில் இரண்டு மீட்டர்கள் இருக்கின்றன. ஒரு மீட்டரின் பேஸ், இன்னொரு மீட்டரின் நியூட்ரலோடு வீட்டுக்குள் எங்காவது சேர்ந்திருக்கலாம். இன்றைய மின்னணு மீட்டர்கள் பலவற்றில் எர்த் என்று குறித்த சிறிய சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். போன அளவுக்கும் வந்த அளவுக்கும் வேறுபாடு இருந்தால் அது எரியும். அது எரிகிறதா என்று பாருங்கள். செலவில்லாத முதல் சோதனை அது.

அடுத்து, மெயின் போர்டில் எத்தனை பீங்கான் ஃபியூஸ்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு இருந்தால் நியூட்ரலிலும் ஃபியூஸ் இருக்கிறது என்று பொருள். நியூட்ரலில் தனியாகத் துண்டிக்கும் எதையும் வைக்கக் கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே 32ஆம் விதி சொல்லியிருந்தது. ஆனாலும் அதற்கு முந்தைய பழக்கத்தில் போட்டவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் வீடு இருண்டுவிடும். மின்சாரம் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பார்கள். அங்கே பேஸ் அப்படியே காத்திருக்கும்.

மூன்று பேஸ் வீடுகளுக்கு இன்னொரு ஆபத்து. வெளியில் இருந்து வரும் நியூட்ரல் அறுந்தால் வீட்டின் லோடுகள் ஒன்றோடொன்று இழுத்துக்கொள்ளும்; குறைந்த லோடு உள்ள பேஸில் 230 வோல்ட்டுக்குப் பதில் 300ஐத் தாண்டி, ஏறக்குறைய 400 வரை போய்விடும். ஃபிரிட்ஜ், டி.வி., செட்டாப் பாக்ஸ் என்று வரிசையாகப் போகும். புயலுக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் நாட்களில் இந்தப் புகார்கள் குவியும்; 2016 வர்தாவின்போது கம்பங்களும் கம்பிகளும் விழுந்து கிடந்த நிலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மின்னழுத்தம் அளவு மீறினால் துண்டிக்கும் கருவி ஒன்றை மெயினில் வைப்பது மூன்று பேஸ் வீட்டுக்கு ஆடம்பரம் இல்லை. ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் செருகும் பழக்கத்தையும் இந்த இடத்தில் கண்டிக்கிறேன். மொத்த வீட்டையும் ஒரே பேஸில் ஏற்றிவிட்டு, மறுநாள் கட்-அவுட் போய்விட்டது என்று அலுவலகத்துக்கு வருவார்கள்.

மாடிப்படி:

ஐயா, எங்கள் மாடிப்படி விளக்கு நீங்கள் சொன்னபடியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கீழேயும் மேலேயும் ஸ்விட்ச் உள்ளது. ஆளை வரவழைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் மழை நாளில் விழுவதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பில்லர்பாக்ஸ்:

மழை நாளில் மட்டும் விழுந்தால் அது உண்மையான கசிவு. வாசல் விளக்கு, மொட்டைமாடி மோட்டார் ஸ்விட்ச், வெளியே தொங்கும் காலிங் பெல் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். நேரிணைப்பை எடுத்துவிட்டு அந்தக் கருவியை மீண்டும் வேலை செய்ய விடுங்கள், தம்பி.

தாழ்வாரம்:

போர்டைப் பார்த்தேன். ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு ஃபியூஸ் இருக்கின்றன. ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக ஏதோ பிளக் ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கீழ்த்தள மீட்டரில் சிவப்பு விளக்கும் எரிகிறது. ஏ.சி. வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக இருக்கிறார். கோடையில் அவரால் தூங்க முடியவில்லை. சுவரை உடைக்காமல் இதையெல்லாம் செய்ய வழி உண்டா என்பதே இப்போது என் கவலை. கடப்பாரை பட்டால் காரை பொலபொலவென்று உதிர்கிறது.

சுண்ணாம்புக்காரை:

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் கட்டடக் கலைஞர் நான். உங்களுடையது சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் சுவராகவும், மேலே மெட்ராஸ் டெரஸ் கூரையாகவும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதாவது தேக்கு உத்தரங்களின் மீது சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி மூலைவாட்டத்தில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. அந்தக் கூரையில் மின்விசிறிக் கொக்கிக்காகவோ பைப்புக்காகவோ துளையிடக் கூடாது. மேலே இருக்கும் காரை விரிசல் விட்டால் அடுத்த மழையில் உத்தரத்தின் தலை ஊறத் தொடங்கும். சுவரில் கட்டிங் மெஷினால் குறுக்கு வாட்டத்தில் பள்ளம் போடுவதும் கூடாது. உயர வாட்டத்தில் ஆழம் குறைவாகப் போடுவதைச் சுவர் தாங்கும். ஆனால் போட்ட பள்ளத்தைச் சிமெண்டால் அடைத்தால் அது சுண்ணாம்போடு ஒட்டாமல் கோடாகப் பிளந்து நிற்கும், ஈரமும் அந்த வழியே ஏறும். சுண்ணாம்புக் கலவையால்தான் அடைக்க வேண்டும்.

என்னுடைய பரிந்துரை, உடைக்கவே வேண்டாம் என்பது. ரீப்பர் ஓடிய தடத்திலேயே புதிய ஒயரை பி.வி.சி. கேசிங்கிலோ, பணம் இருந்தால் இரும்புப் பைப்பிலோ வெளிப்படையாக ஓட்டுங்கள். வெளியே தெரியும் ஒயரிங் என்றால் ஏழ்மை என்று நம் மக்களுக்கு எப்படியோ ஒரு நினைப்பு வந்துவிட்டது. உத்தரத்தின் பக்கவாட்டில் நேர்கோட்டில் ஓடும் பைப், பூசி மெழுகிய சுவரில் கோணல்மாணலாகத் தெரியும் ஒட்டுத் தடத்தை விட எவ்வளவோ அழகு. பழுது பார்ப்பதும் எளிது. கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். பழைய தேக்கு ரீப்பரைத் தூக்கி எறியாதீர்கள், தச்சர்கள் அதற்கு நல்ல விலை தருவார்கள்.

பச்சைஒயர்:

சுண்ணாம்புக்காரை அம்மா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அந்த ரப்பர் ஒயரைப் பற்றி மட்டும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஆடாமல் அசையாமல் இருக்கும்வரை அது பல ஆண்டுகள் ஓடும், தொட்டால் போய்விடும். கூரையில் சீலிங் ரோஸின் மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பல்பின் சூட்டை ஆண்டுக்கணக்கில் வாங்கிய முனையில் துணி கருத்திருக்கும். ஒயரை விரலால் லேசாக வளைத்தால் ரப்பர் கருவேலங்காய் ஓடு போலப் பொடிந்து, ஈயம் பூசிய செம்பு வெளியே தெரியும். ஆகவே இந்த ஒயரோடு புது ஒயரை முடிச்சுப் போட்டு நீட்டும் வேலையை யார் செய்ய வந்தாலும் அனுமதிக்காதீர்கள். ஒரு லைனைத் தொட்டால் அந்த லைனைப் போர்டு வரை முழுதாக மாற்றுங்கள். இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

இதிலிருந்து ஏ.சி.க்கு வருகிறேன். பழைய அளவில் 3/22 என்று சொல்லும் ஒயர் ஏறக்குறைய 1.2 சதுர மி.மீ. செம்பு, 3/20 ஏறக்குறைய 2 சதுர மி.மீ. விளக்குக்கும் மின்விசிறிக்கும் இது போதும். எல்.இ.டி. விளக்குகளும் 30 வாட் அளவில் ஓடும் புதிய மின்விசிறிகளும் வந்த பிறகு அந்த லைன்களின் சுமை அவை பிறந்த நாளை விடக் குறைந்தே இருக்கிறது. ஆபத்து பவர் பிளக்குகளில். 1.5 டன் ஏ.சி. 7, 8 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பும் கீசரும் அதே அளவு. பழைய ஒயரில் இவற்றைச் செருகி, 10 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது என்று 20 போட்டு, அதுவும் விழுகிறது என்று 32 போட்ட பெட்டிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த வீட்டில் இனி ஃபியூஸ் வேலையைச் செய்யப்போவது சுவருக்குள் இருக்கும் ஒயர்தான். தேக்கு உத்தரம் உள்ள வீட்டில் அதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஏ.சி.க்கும் கீசருக்கும் போர்டிலிருந்து தனித்தனியாக 4 சதுர மி.மீ. செம்பு, அதோடு எர்த் ஒயர், 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5, விளக்குக்கு 1.5 என்று எழுதிக் கொடுத்து வேலை வாங்குங்கள். ஒயர் பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளில் மலிவு என்று போவதில் தவறில்லை, உறையில் ஐ.எஸ். 694 முத்திரையும் பில்லும் இல்லாததை வாங்காதீர்கள்.

மாடியின் அலுமினியம் வேறு வகைத் தொல்லை. செம்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் நாடு முழுவதும் அதைத்தான் போட்டார்கள். அதே தடிமனில் அது செம்பு கடத்துவதில் 60 விழுக்காட்டைத்தான் கடத்தும் என்பது ஒருபுறம் இருக்க, அது பழுதாவது ஒயரின் நடுவில் இல்லை, முனையில். ஸ்விட்சின் திருகுக்குக் கீழே அது சூட்டில் விரிந்து சுருங்கித் தளர்ந்துகொண்டே வரும்; செம்போடு முறுக்கிய இடத்தில், அதுவும் கடற்காற்று வீசும் திருவல்லிக்கேணியில், அரித்துப் போகும். ஸ்விட்ச் பெட்டியில் மீன் கவிச்சி போன்ற வாடை வந்தாலோ, பெட்டியின் மேல்பக்கம் மஞ்சளாகி இருந்தாலோ அந்த முனை வெந்துகொண்டிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால் மாடியில் பைப் இருக்கிறது. பழைய ஒயரின் வாலில் புது ஒயரைக் கட்டி இழுத்தால் பல இடங்களில் உடைக்காமலே மாற்றிவிடலாம். துரு ஏறி அடைத்த பைப்பில் மட்டும் வெளிப்படையாக ஓட்ட வேண்டி வரும்.

வாடகைக்குடி:

புரசைவாக்கத்தில் பழைய வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் ஒயரிங்கைத் தொட மறுக்கிறார். கைக்குழந்தை இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பச்சைஒயர்:

உங்கள் பகுதிக்கு என்று தனி மெயின் இருந்தால், அதற்குப் பக்கத்தில் சிறிய பெட்டியில் இருமுனை ஆர்.சி.சி.பி. ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த்தே இல்லாத வீட்டிலும் அது ஆளைக் காக்கும், ஏனென்றால் குழந்தையின் உடல் வழியாக மண்ணுக்குப் போகும் மின்சாரத்தையும் அது நியூட்ரலில் திரும்பாத குறையாகவே கணக்கிடும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழும், இல்லாவிட்டால் தொட்டவுடன் விழும், வேறுபாடு அவ்வளவுதான். செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்; செலவு உங்களுடையது என்றால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

வேளச்சேரிவாசி:

மீட்டரின் உயரத்தையும் கவனியுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருவில் தரையிலிருந்து இடுப்பளவில் இருந்த மீட்டர் பெட்டிகள் எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு, வெயிலில் காய்ந்துவிட்டது என்று தாங்களே மெயினைப் போட்டவர்களும் உண்டு. முத்திரை உள்ள மீட்டரை மின்வாரிய ஆட்கள்தான் மாற்றிப் பொருத்த வேண்டும் என்பதால், மற்ற வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே இதற்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பில்லர்பாக்ஸ்:

சரியான யோசனை. தாழ்வாரம் அவர்களே, விண்ணப்பம் என்று வரும்போது உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கும். இணைப்பு இன்னமும் தாத்தாவின் பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். லோடு கூட்டுவது, மூன்று பேஸுக்கு மாறுவது எல்லாம் அதற்குப் பின்னால்தான் சுலபமாக நகரும். ஏ.சி., கீசர், மோட்டார் மூன்றும் சேர்ந்தால் உங்கள் பழைய அனுமதி லோடு போதாது. மீட்டர் வரை வரும் கேபிளின் சூட்டையோ தளர்ந்த முனையையோ கண்டால் நீங்கள் தொடாமல் மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண்ணில் புகார் பதியுங்கள். மீட்டருக்கு அப்பால் உள்ளது உங்கள் பொறுப்பு. அதற்கு ஒயர்மேன் சான்றுள்ளவரையே அமர்த்துங்கள். கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் அந்த அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

தாழ்வாரம்:

இரண்டாவதாக வந்த எலெக்ட்ரீஷியனின் அண்ணன் சான்று பெற்றவர் என்று தெரிந்ததால் அவரையே அழைத்து, இங்கே பேசியவற்றைச் சொன்னேன். முழு வீட்டையும் மாற்றச் சொன்னவர்கள், பகுதி பகுதியாகச் செய்ய இப்போது ஒப்புக்கொண்டார்கள். முதல் கட்டமாக முற்றத்தில் புதிய எர்த், சுவரிலிருக்கும் பழைய குழாயிலிருந்து எர்த் ஒயர்களைப் பிரித்தல், நியூட்ரல் ஃபியூஸ்களை நீக்கி இரண்டு தளத்துக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. பெட்டிகள், ஏ.சி.க்கும் கீசருக்கும் புதிய லைன்கள். ரப்பர் ஒயர் விளக்கு லைன்கள் 6 ஆம்பியர் எம்.சி.பி.யோடு பொங்கல் வரை இருக்கட்டும், அதன் பிறகு கேசிங்கில் மாற்றுகிறோம். மாடி அலுமினியம் மூன்றாம் கட்டம். இது சரியா? முற்றம் சிறியது, எர்த் குழி சுவருக்கு மிக அருகில் வருகிறது.

பச்சைஒயர்:

வரிசை சரி. எர்த் மின்முனை சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 3043 சொல்வது. முற்றத்தின் நடுவில் அந்த இடைவெளி கிடைத்தால், பெரிய குழி தோண்டாமல் செம்பு பூசிய கம்பி ஒன்றை ஆழமாக அடித்து இறக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட இரும்புக் குழாயை உங்கள் பகுதியின் உப்பு மண் விரைவில் தின்றுவிடும். மேலே ஒரு மூடி வைத்த சிறு தொட்டி இருக்கட்டும், சித்திரையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ஏ வகையைக் கேளுங்கள், இன்வெர்ட்டர் ஏ.சி., புதிய வாஷிங் மெஷின் போன்றவற்றின் கசிவு எப்போதும் சீரான மாறுமின்னோட்டமாக இருப்பதில்லை, பழைய 'ஏ.சி.' வகை (இங்கே ஏ.சி. என்றால் மாறுமின்னோட்டம்) அதைத் தவறவிடக்கூடும். பெயரைப் பார்த்து அதை ஏ.சி.க்கான ஆர்.சி.சி.பி. என்று கடைக்காரர்களே சில நேரம் குழப்பிக்கொள்கிறார்கள். ரப்பர் லைன்களை அந்தக் கருவியின் கீழ் கொண்டுவருவதற்கு முன், விளக்குகளையும் மின்னணுக் கருவிகளையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (ஒயரின் காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைன் பொங்கல் வரை காத்திருக்கக் கூடாது.

தாழ்வாரம்:

மெக்கர் பார்த்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் சமையலறை லைன் மட்டும் 0.2 காட்டியது, அதை முதல் கட்டத்திலேயே சேர்த்துவிட்டோம். மற்றவை தேறிவிட்டன. சிவப்பு விளக்கு எரிந்ததற்குக் காரணம் பில்லர்பாக்ஸ் ஐயா சொன்னபடியே, மாடிக்குப் போகும் படிக்கட்டு விளக்கின் நியூட்ரல் மேல் மீட்டரோடு சேர்ந்திருந்ததுதான். அதைப் பிரித்த பிறகு விளக்கு அணைந்தது. கீசரைத் தனியாகக் கழற்றிச் சோதித்ததில் அதன் ஹீட்டிங் காயிலிலும் கசிவு இருந்தது, மாற்றக் கொடுத்திருக்கிறோம்.

ஒரு சந்தேகம் பாக்கி: ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அப்பா தினமும் காலையில் அழுத்திப் பார்க்கிறார். அதனால் கருவிக்குக் கேடு உண்டா?

பச்சைஒயர்:

மாதம் ஒரு முறை போதும் என்று சொல்லுங்கள். அழுத்தும்போது விழாவிட்டால் மட்டும் எனக்குத் தகவல் தாருங்கள், அன்றைக்கே கருவியை மாற்ற வேண்டியிருக்கும்.